எஞ்சினை நிறுத்தவும்

கை செய்துவிட்டது. நான் செய்யவில்லை, கைதான். ரயில்வே கேட்டின் கம்பி இறங்க ஆரம்பித்ததும், முன்னால் நின்ற பால் வண்டி உறுமலை நிறுத்தியதும், என் வலது கை தானாகப் போய்ச் சாவியைத் திருப்பி வண்டியை அணைத்துவிட்டு, அதே வேகத்தில் நெற்றிக்கு வந்து, மார்புக்கு இறங்கி, இடது தோள், வலது தோள், ஆமென். சிலுவை போட்டு முடித்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. அதற்குள் எஞ்சின் ஒருமுறை தோளைக் குலுக்கிக்கொண்டு அடங்கிவிட்டது. எதிரே மஞ்சள் பலகை, கறுப்பு எழுத்து: எஞ்சினை நிறுத்தவும். நிறுத்திவிட்டேன் சிஸ்டர். நான் தங்கிப் படித்த விடுதியின் வேனில் முன் இருக்கையில் உட்கார்ந்து வரும் சிஸ்டர் கொன்சாகா, கேட் விழுந்தால் முதலில் டிரைவரைப் பார்ப்பார், பலகையைப் பார்ப்பார், டிரைவர் அணைப்பார், உடனே இருபத்திரண்டு பெண்களும் 'அருள் நிறைந்த மரியே' ஆரம்பிக்க வேண்டும், கடைசிப் பெட்டி போகும்வரை. ரயிலில் போகிறவர்கள் பத்திரமாகப் போய்ச் சேரவேண்டும் என்று. ஏழு வருஷம். ஏழு வருஷம் கேட் விழுவதும் எஞ்சின் அணைவதும் ஜெபமும் ஒன்றாகவே வந்தால் கை வேறென்ன செய்யும்? என் கணவன் அமலன் எத்தனை முறை சொன்னான், ரொஸலின், சூடாகிவிட்டால் இதை அணைக்கக்கூடாது, நரகத்திலேயே நின்றாலும் ஓடவிட்டே நிற்கணும், அணைத்தால் நாற்பது நிமிஷம் அது நம்மைத் திரும்பிப் பார்க்காது. தலையாட்டினேன். தலைக்குத் தெரியும், கைக்குத் தெரியாது. மணி ஒன்பது இருபது. நாற்பது நிமிஷம் என்றால் பத்து. பத்து மணிக்குப் பரீட்சை. பத்தரைக்கு மேல் வந்தால் உள்ளே விடமாட்டார்கள். இங்கிருந்து அரைமணி நேரப் பாதை. கூட்டிப் பார்த்தேன், சரியாகப் பத்தரை. மறுபடி கூட்டினேன், அதே பத்தரை. எம்.எஸ்ஸி. கணிதம் படித்தவள் எத்தனை தடவை கூட்டினாலும் அதேதான் வரும்.

இனிகோ பின்சீட்டில் தூங்குகிறான். கண்ணாடியில் அவனுடைய ஒரு கால் மட்டும் தெரிகிறது, காலுறை பாதி கழன்று. ஒன்பது மாதம். இவன் பிறந்த அன்றுதான் நான் எழுதவேண்டிய கடைசித் தாள் நடந்தது. நான் பிரசவ வார்டில், தாள் ஹாலில். அந்த ஒன்றுதான் பாக்கி, அதை எழுதினால் ஜூனில் பள்ளிக்கூட வேலை, எங்கள் பாடத்திட்டத்துக்கு இதுதான் கடைசி வாய்ப்பு, எழுதாவிட்டால் அப்புறம் புதிய பாடத்திட்டம், இன்னும் எத்தனை தாள் என்று யாருக்கும் தெரியாது. அமலன் விடிகாலையே பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டான், அவனுடைய ஆராய்ச்சி விதைகள் ஆறு மணிக்குத் தண்ணீர் கேட்கும். பரீட்சை ஹால் வாசலில் நிற்பான், பிள்ளையை அவன் கையில் கொடுத்துவிட்டு நான் உள்ளே ஓடவேண்டும். அவ்வளவுதான் திட்டம். எட்டு நாளாக இந்த ஒரு காலையை மட்டும் ஒத்திகை பார்த்தோம், பால் புட்டி, துணி, ஹால் டிக்கெட், பேனா இரண்டு. கேட்டை மட்டும் ஒத்திகை பார்க்கவில்லை. செயலியில் டாக்ஸி தேடினேன், பதினெட்டு நிமிஷம் என்றது, அந்தச் சின்ன வண்டிப் படமும் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் நின்றது. சாவியைத் திருப்பிப் பார்க்கலாமா? ஒருவேளை இன்றைக்குக் கோபம் இல்லாமல் இருக்கலாம். திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான் வரும், ஒவ்வொரு டிக்கும் பேட்டரியைத் தின்னும் என்று மெக்கானிக் ஷெரீஃப் அண்ணன் சொல்லியிருக்கிறார். 'இது பெரிய வீட்டுப் பிள்ளைம்மா, கோவிச்சுக்கிட்டா சோறு திங்காது, நாமதான் வாசல்ல உக்காந்திருக்கணும்.' இதைச் சரிசெய்ய டெல்லியிலிருந்து வரவேண்டிய ஏதோ ஒரு சின்ன உதிரிபாகம், விரல் நீளம்தான், அதன் விலையைக் கேட்டுவிட்டு நானும் அமலனும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டோம். அவனுடைய உதவித்தொகை வந்து மூன்று மாதம் ஆகிறது. திருப்பவேண்டாம். ஒரு தடவை மட்டும். வேண்டாம். திருப்பினேன். டிக்.

இந்த வண்டியை வாங்க வைத்தது என் பயம். யாரிடமும் சொல்வதில்லை, ஆனால் அதுதான் உண்மை. ஏழாம் மாதம், மழை விட்ட சாயங்காலம், உக்கடம் தாண்டி ஒரு வேகத்தடை, அதன்மேல் யாரோ கொட்டிப்போன ஈர மணல். எங்கள் ஸ்கூட்டர் மெதுவாகத்தான் போனது. விழுந்ததும் மெதுவாகத்தான். அவ்வளவு மெதுவாக விழ முடியுமா என்று விழும்போதே யோசித்தேன். இடுப்பில் சிராய்ப்பு, முழங்கையில் கொஞ்சம் ரத்தம், வேறொன்றுமில்லை. ஆனால் வயிற்றுக்குள் அசைவில்லை. அதுவரை ஓயாமல் உதைத்துக்கொண்டிருந்தவன் நிறுத்திவிட்டான். நாலு மணி நேரம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்து, கையை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு, உதைடா, ஒரே ஒரு தடவை, அம்மாவைத் திட்டுவதாக இருந்தாலும் உதைத்துத் திட்டு என்று. இதயத் துடிப்பு இருக்குதும்மா, தூங்குறான் என்று நர்ஸ் சொன்னது காதில் விழுந்தது, உள்ளே இறங்கவில்லை. உதைத்தபோதுதான் இறங்கியது. டிஸ்சார்ஜ் ஆன அன்றே கோவிலுக்குப் போய், மாதா சிலை இருக்கும் கெபிக் குகையின் முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றி, இனிமேல் நான் இரண்டு சக்கரத்தில் ஏறமாட்டேன் தாயே, இவனையும் ஏற்றமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். அமலன் பக்கத்திலேயே நின்றான். மூன்று வாரம் கழித்து ஸ்கூட்டரை விற்று, என் மெல்லிய சங்கிலியையும் வாங்கிக்கொண்டு போய், இதை ஓட்டிக்கொண்டு வந்தான். ஒரு மில் முதலாளியின் ஜெர்மன் கார். பதினேழு வயசு. கறுப்பு. எங்கள் ஒற்றை அறை மாடிப்படிக்குக் கீழே வந்து நின்றபோது தெருவே சின்னதாகிவிட்டது. ஒரு புது ஸ்கூட்டர் விலைக்குமேல் கொஞ்சம்தானாம், மில்லுக்காரருக்கு இடத்தைக் காலி செய்தால் போதுமாம். 'எட்டு ஏர்பேக் ரொஸலின்! எட்டு! புது வண்டியிலகூட இவ்வளவு கிடையாது. இடிச்சாக்கூட தலையணை மாதிரி வந்து உன்னைப் பிடிச்சுக்கும்.' அவன் முகத்தை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். என் பயத்துக்கு ஒரு வீடு கட்டிக்கொண்டு வந்தவன் போல நின்றான். நான் அழுதேன். அவன் சந்தோஷ அழுகை என்று நினைத்துக்கொண்டான், பாதி அப்படித்தான்.

தலையணை. ஐயோ, அதை இப்போது நினைக்காதே. வேர்க்கிறது. கண்ணாடியெல்லாம் ஏறி இருக்கிறது, ஏசி போய்விட்டது, வெயில் முன் கண்ணாடி வழியாக மடியில் வந்து உட்கார்ந்திருக்கிறது. பின்னால் திரும்பி இனிகோவின் கழுத்தைத் தொட்டேன், ஈரம். ஜன்னலை இறக்கலாம், ஆனால் என் பக்கத்து ஜன்னல் இறங்கினால் ஏறாது, மற்ற மூன்றும் இறங்கவே இறங்காது. பின் கதவை ஒரு சாண் திறந்து வைத்தேன். போன் அடித்தது, அமலன்.

'கிளம்பிட்டியா?'

'கேட்டுல நிக்கிறேன்.'

'சரி, ஓடவிட்டுட்டுத்தானே நிக்கிற?'

நான் சாவியைப் பார்த்தேன்.

'ரொஸலின், அணைச்சிட்டியா?'

'கை அணைச்சிருச்சு.'

'கையா? எத்தனை மணிக்கு?'

'ஒன்பது இருபது.'

'சரி. சரி, பயப்படாத. சாவியத் திருப்பாத.'

'திருப்பிட்டேன்.'

'இனிமே திருப்பாத. ஃபேன் போடாத, பேட்டரி போயிரும். ஜன்னல இறக்காத, ஏறாது.'

'வேற என்ன செய்யக்கூடாதுன்னு சொல்லு. மூச்சு விடலாமா?'

சிரித்தான். அவன் சிரித்ததும் எனக்கும் சிரிப்பு வந்தது. 'நான் யார்கிட்டயாவது பைக் வாங்கிட்டு வர்றேன்' என்றான், சொன்ன பிறகுதான் அவனுக்கே தோன்றியிருக்கும், 'இல்ல, ஆட்டோ, ஆட்டோ பிடிச்சு வர்றேன்' என்று மாற்றினான். அவன் அங்கிருந்து வந்து, கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்று என்ன பயன்? வேண்டாம், நீ வாசலிலேயே இரு, நான் வந்துவிடுவேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். எப்படி வருவேன்? கேட் இப்போதே திறந்தால் பின்னால் நிற்பவர்கள் எல்லோரும் ஹாரன் அடிப்பார்கள், நான் ரோட்டின் நடுவில் இந்தக் கறுப்பு மலையோடு நிற்பேன். திறக்காமல் இருந்தால் எஞ்சின் ஆறும், ஆனால் பரீட்சை போகும். திறக்காதே என்றும் திற என்றும் ஒரே மூச்சில் வேண்டுகிறேன், மாதா எதைக் கேட்பாள்? எப்சிலான் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் அதற்கொரு டெல்டா உண்டு என்று இன்றைய தாளில் நான் நிரூபிக்கவேண்டும். என் பயம் எவ்வளவு சின்னதானாலும் அதற்குள் இன்னொரு பயம் உண்டு, அதை யாரும் நிரூபிக்கச் சொல்லமாட்டார்கள்.

பக்கத்தில் இருசக்கர வண்டிகள் நெருக்கி நிற்கின்றன. எல்லோரும் ஒருமுறையாவது இந்த வண்டியைப் பார்க்கிறார்கள், பிறகு கண்ணாடிக்குள் என்னைப் பார்க்கிறார்கள். நான் நிமிர்ந்து உட்கார்கிறேன். முதுகு நாற்காலியில் படக்கூடாது, முகத்தில் எதையும் காட்டக்கூடாது, இல்லாததை வெளியே சொல்லிக்கொள்ளக்கூடாது, அது சிஸ்டர் கொன்சாகா பழக்கிய கான்வென்ட் முதுகு. இந்த வண்டி வந்த மறுமாதம் வீட்டுக்காரர் வாடகையைக் கூட்டினார், 'உங்களுக்கென்ன சார்' என்று. தடுப்பூசி போடப் போனால் சுகாதார நிலையத்து நர்ஸ் 'இவ்வளவு பெரிய கார்ல வந்துட்டு இங்க வரிசைல நிக்கிறீங்களே' என்றார். ரேஷன் கடைக்குப் போகும்போது இரண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டு நடக்கிறோம், சர்க்கரைப் பையைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டு திரும்பி வருகிறோம், ஏதோ திருடியவர்கள் மாதிரி. என் சித்தப்பா கடன் கேட்டார். இல்லை என்று சொன்னதை அவர் நம்பவில்லை, யார்தான் நம்புவார்கள்? பணம் இல்லாமல் இருப்பதைவிடப் பணக்காரியாகத் தெரிந்துகொண்டு பணம் இல்லாமல் இருப்பது கஷ்டம். இதை நான் அமலனிடம் சொன்னதில்லை. சொல்லாதது இன்னொன்றும் இருக்கிறது. தலையணை. போன வாரம் ஷெரீஃப் அண்ணன் ஸ்டியரிங்கைக் கழற்றினார், எச்சரிக்கை விளக்கு ஏன் எரிகிறது என்று பார்க்க. கழற்றியவர் என்னைப் பார்த்தார், மறுபடி உள்ளே பார்த்தார். உள்ளே ஏர்பேக் இல்லை. ஸ்பாஞ்ச். மஞ்சள் ஸ்பாஞ்ச், சோபாவுக்குள் வைப்பார்களே அது, அளவாக வெட்டி ஒட்டி, மேலே அழகாகத் தைத்து மூடியிருந்தது. எப்போதோ ஒரு விபத்தில் வெடித்திருக்கிறது, புதிது போடச் செலவென்று யாரோ இப்படிச் செய்திருக்கிறார்கள். பக்கத்து இருக்கைக்கு எதிரேயும் அதேதான். 'சார்ட்ட சொல்லிரட்டுமாம்மா?' வேண்டாம்ணா என்றேன். எட்டு, எட்டு என்று சொன்ன அந்த முகத்திடம் எப்படிச் சொல்வேன். அன்றிலிருந்து ஸ்டியரிங்கைப் பிடிக்கும்போதெல்லாம் நடுவில் அந்த ஸ்பாஞ்ச் எனக்குத் தெரிகிறது, பரீட்சைக்குப் பிறகு சொல்லலாம், பரீட்சைக்குப் பிறகு. இரண்டு சக்கரத்திலிருந்து தப்பித்து நான் ஏறி உட்கார்ந்த கோட்டை இது. உள்ளே சோபா.

ரயில் வந்தது. இருபத்திரண்டு பெண்களின் குரல் எனக்குள் எழுந்தது, அருள் நிறைந்த மரியே வாழ்க, பெட்டிகளை எண்ணினேன், பதினான்கு, பதினைந்து, இனிகோ விழித்து வீறிட்டான், கடைசிப் பெட்டி, எல்லா வண்டியும் ஒன்றாக உறுமியது. அத்தனை உறுமலுக்கும் நடுவில் என் வண்டி மட்டும் வாயை மூடிக்கொண்டு. இதோ ஹாரன், இதோ வசவு என்று தோளை இறுக்கிக்கொண்டேன். ஆனால் கம்பி எழவில்லை. இன்னொரு ரயில் இருக்கிறது என்று யாரோ சலித்துக்கொண்டார்கள், எல்லா எஞ்சினும் ஒவ்வொன்றாக அணைந்தன. பிழைத்தேன். எத்தனை நிமிஷத்துக்கு? ஒன்பது முப்பத்தொன்று. பிள்ளையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டேன், அழுகையில் முகமெல்லாம் சிவந்து, முடி நெற்றியில் ஒட்டி. கண்ணாடியில் யாரோ தட்டினார்கள். வெள்ளரிப்பிஞ்சு விற்கும் அம்மாள், கூடை இடுப்பில், வாயை அசைத்து என்னவோ கேட்கிறாள். வேண்டாம் என்று கையசைத்தேன். போகவில்லை. மறுபடி தட்டினாள், இனிகோவைக் காட்டினாள், விசிறுவது போலக் கையைக் காட்டினாள். இறக்கினால் ஏறாது. ஏறாவிட்டால் என்ன? இந்தக் கண்ணாடியை ஏற்றி வைத்துக்கொண்டு இதுவரை எதைக் காப்பாற்றினேன்? பித்தானை அழுத்தினேன். கண்ணாடி முனகிக்கொண்டு முழுசாக உள்ளே இறங்கியது, காற்று வந்தது, கூடவே வெள்ளரி வாசனை, டீசல் புகை, பேச்சுச் சத்தம்.

'ஏனுங்கம்மிணி, வண்டி நின்னு போச்சுங்களா?'

'இல்லைங்க, கேட்டு போட்டிருக்குன்னு அணைச்சிருக்கேன்.'

கான்வென்ட் முதுகு. அவள் என்னைப் பார்த்தாள், வண்டியின் மூக்கைப் பார்த்தாள், சிரித்துவிட்டாள்.

'அணைச்சா இது எந்திரிக்காதே அம்மிணி. மில்லுக்காரய்யா வெச்சிருந்தப்பவே இங்க மூணு தடவ தள்ளி உட்டிருக்கறமுங்க. அந்தய்யா கண்ணாடிய எறக்கவே மாட்டாருங்க, கௌரவம் பாத்துட்டு உள்ளாரவே உக்காந்து வேர்த்து ஊத்துவாரு. நாங்க தள்ளுவோம், அவரு நேரா பாத்துட்டு இருப்பாரு, சாமி ஊர்வலமாட்ட.'

பக்கத்து ஸ்கூட்டரில் இருந்த பெண் களுக்கென்று சிரித்தாள். மஞ்சள் சுடிதார், கழுத்தில் ஏதோ துணிக்கடையின் அடையாள அட்டை. எனக்கு முகம் சூடானது. பிறகு என்ன நடந்ததென்று தெரியவில்லை, வாய் தானாகப் பேசியது, சற்று முன்னால் கை செய்தது போலவே. 'பத்து மணிக்குப் பரீட்சைங்க. பத்தரைக்கு மேல விடமாட்டாங்க. கடைசி வாய்ப்பு. வண்டி பத்து மணிக்குத்தான் கிளம்பும். காசெல்லாம் ஒன்னும் இல்லைங்க எங்ககிட்ட, இது சும்மா இப்படி இருக்கு, அவ்வளவுதான்.' கடைசி வாக்கியத்தை ஏன் சொன்னேன்? யாரும் கேட்கவில்லையே. ஆனால் சொன்னதும் முதுகு இருக்கையில் சாய்ந்துவிட்டது, ஒரு வருஷத்துக்கு அப்புறம்.

'இத மொதல்லயே சொல்றதுக்கென்ன கண்ணு' என்றாள் அவள். திரும்பி, 'ஏய் சுகந்தி, நீ அந்தப் பக்கந்தான போற, இந்தப் புள்ளைய ஏத்திட்டுப் போய் எறக்கி உட்ரு.'

'வாங்கக்கா' என்றாள் மஞ்சள் சுடிதார், அவ்வளவு சுலபமாக.

ஸ்கூட்டரில். சுகந்தியின் ஸ்கூட்டர் நீல நிறம், ஓரத்தில் ஒரு கீறல், கண்ணாடியில் கறுப்புக் கயிறு. இரண்டு சக்கரம். நான் எண்ணிப் பார்த்தேன், இரண்டுதான். வயிறு பழையபடி இறுகியது, உள்ளே ஒன்றும் இல்லாத வயிறு, ஆனாலும் இறுகியது. ஈர மணல், மெதுவாக விழுவது, நாலு மணி நேரம். வேண்டாம், பிள்ளையை வைத்துக்கொண்டு வேண்டாம், பரீட்சை போனால் போகட்டும். போகட்டுமா? இந்த ஸ்பாஞ்சைக் கட்டிக்கொண்டு இங்கேயே உட்கார்ந்திருப்பேனா, மில்லுக்காரய்யா மாதிரி, நேராகப் பார்த்துக்கொண்டு? இங்கே மட்டும் என்ன என்னைப் பிடித்துக்கொள்ளப் போகிறது? 'மணி ஒம்பது முப்பத்தேழுக்கா' என்றாள் சுகந்தி. 'நீ மெதுவா ஓட்டுவியா?' என்று கேட்டேன். என் குரல் எனக்கே சின்னப் பெண்ணுடையது போலக் கேட்டது. 'இந்த ரோட்டுல வேகமாப் போவ முடியும்னு யாரு சொன்னா?' என்றாள். மாதாவே, உன்னிடம் பிறகு வந்து பேசிக்கொள்கிறேன், கோபித்துக்கொள்ளாதே.

வண்டியைத் தள்ள நாலு பேர் வந்தார்கள். வெள்ளரி அம்மாள் கூடையை இறக்கி வைத்துவிட்டு அவளும் கை வைத்தாள். கியரை நியூட்ரலில் போடத் தெரியும் எனக்கு, அதுவாவது தெரியும். 'மில்லுக்காரர் வண்டியப்பா, பழக்கமானதுதான்' என்று யாரோ சொல்ல, வண்டி சாதுவாக உருண்டுபோய்ப் புங்கமரத்தடியில் நின்றது. சாவியை எடுத்தேன், பையை எடுத்தேன், ஹால் டிக்கெட் இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்தேன். 'ஜன்னல் ஏறாதுங்க, திறந்தே கிடக்கு, யாராவது...'

'யாரு அம்மிணி ஓட்டிட்டுப் போவா? ஓடுனாத்தான!' என்றாள் அவள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இரண்டு பிஞ்சை எடுத்துப் பைக்குள் போட்டாள், காசு எடுக்கப்போன கையைத் தட்டிவிட்டாள்.

இரண்டாவது ரயில் போனது. நான் ஜெபிக்கவில்லை, எண்ணவுமில்லை. சுகந்தியின் முதுகுக்கும் என் வயிற்றுக்கும் நடுவில் இனிகோவை வைத்து, என் துப்பட்டாவால் அவனையும் என்னையும் சேர்த்துக் கட்டி, ஒரு கையால் அவனையும் ஒரு கையால் அவளுடைய தோளையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கம்பி எழுந்தது, எல்லா எஞ்சினும் உறுமியது, இந்த முறை எனக்குக் கீழேயும் ஒன்று உறுமியது. தண்டவாளத்தின்மேல் ஏறி இறங்கும்போது ஒரு குலுக்கல். கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. திறந்தேன். கண்ணாடியில் புங்கமரமும் கறுப்பு மூக்கும் சின்னதாகிக்கொண்டே போயின. சாயங்காலம் அமலனும் நானும் வந்து எடுத்துக்கொள்வோம், அதற்குள் அதன் கோபம் ஆறியிருக்கும். வரும் வழியில் ஸ்பாஞ்சைப் பற்றிச் சொல்லிவிடுவேன். அவன் முகம் வாடும், ஆனாலும் சொல்லிவிடுவேன். காற்று இனிகோவின் ஈர முடியைத் தூக்கியது. அழுகையை நிறுத்திவிட்டு அவன் வாயைத் திறந்து காற்றைக் குடித்தான், அசையவே இல்லை, ஒரு நொடி, இரண்டு நொடி, நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவன்மேல் கையை வைத்தேன். உதைத்தான். வயிற்றில், பழைய இடத்திலேயே, இந்த முறை வெளியிலிருந்து.